அத்தியாயம் 9: மறக்காத தெரு

இரவு பத்து மணிக்கு மேல், கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகு, உங்கள் தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் சிசிடிவி கேமராவை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். லென்ஸைச் சுற்றி வட்டமாக, அணையப்போகிற ஊதுபத்தி நுனிபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவை விளக்குகள்தாம், நமக்காக எரிகிற விளக்குகள் அல்ல. 850 நானோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்பு ஒளியைத் தெருவில் கொட்டிக்கொண்டிருக்கின்றன. அதன் ஓரத்து மங்கல் சிவப்பு மட்டும்தான் நம் கண்ணுக்கு எட்டுகிறது. கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லுக்கோ அது நல்ல வெளிச்சம். நாம் இருட்டில் நடப்பதாக நினைத்துக்கொண்டு போவோம். கேமராவைப் பொறுத்தவரை தெருவில் டியூப்லைட் எரிகிறது. 940 நானோமீட்டர் விளக்கு வைத்த கேமராவாக இருந்தால் அந்தச் சிவப்புப் புள்ளிகூடத் தெரியாது.

தெருவில் பார்க்கப்படுவது நமக்குப் புதிதில்லை. டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கிறவர், மாடியில் துணி காயப்போடும் அக்கா, இஸ்திரி வண்டிக்காரர் என்று எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். “என்ன சார், ரெண்டு நாளா ஆளையே காணோம்?” என்று டீக்கடைக்காரர் கேட்டால் நமக்குச் சந்தோஷம்தான், கோபம் வருவதில்லை. அப்படியிருக்க, கம்பத்தில் இருக்கும் ஒரு கேமராவுக்காக ஏன் நீதிமன்றம் வரை போக வேண்டும்? நடுவீதியில் நடக்கிற ஆளுக்கு என்ன அந்தரங்கம்?

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட, சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ராக்கெட்டைப் பார்க்க வந்த கண்

இந்தக் குடும்பத்தின் முன்னோடிக் கேமராக்களில் ஒன்று மனிதர்களைப் பார்க்க வந்தது அல்ல. 1942இல் ஜெர்மனியின் பேனமுண்டே ஏவுதளத்தில் வி-2 ராக்கெட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவை அடிக்கடி வெடித்தன. ஏவுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது உயிருக்கு ஆபத்து. வால்டர் புரூக் என்ற பொறியாளர் அமைத்த மூடுசுற்றுத் தொலைக்காட்சியின் வழியாகத் தூரத்து அறையில் இருந்து பார்த்தார்கள். கேமரா காட்டியது, பார்த்துக்கொண்டிருந்தவர் கண்டார், அத்தோடு சரி. எதுவும் பதியவில்லை.

பிறகு நாடாவும் அதன்பின் ஹார்டு டிஸ்க்கும் வந்தன. இன்றைக்கு மளிகைக் கடை மேசைக்கு அடியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் டிவிஆர் பெட்டி பதினைந்து நாளோ முப்பது நாளோ பதிவு செய்யும். டிஸ்க் நிரம்பியதும் பழைய நாளின் மேலேயே புதிய நாளை எழுதிவிடும். நம் முகம் அங்கிருந்து அழிவது இடம் போதாததால்தான். யாரும் யோசித்து நமக்குக் கொடுத்த பாதுகாப்பு அல்ல அது.

இன்னொரு தடையும் இருந்தது: சலிப்பு. முப்பது மணி நேரப் பதிவில் ஒரு ஆளைத் தேட, ஒரு காவலர் ஏறக்குறைய முப்பது மணி நேரம் உட்கார வேண்டும். சங்கிலிப் பறிப்பு நடந்தால் உட்காருவார். நீங்கள் போன வெள்ளிக்கிழமை எந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள் என்று பார்க்க யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். கேமராக்கள் பெருகிய பிறகும் தெருவில் நமக்கு ஓரளவு அந்தரங்கம் மிச்சம் இருந்ததென்றால், பெட்டியின் மறதியும் மனிதரின் சலிப்பும்தான் காரணம். முகத்தை அடையாளம் காணும் மென்பொருளுக்கு இந்த இரண்டுமே கிடையாது.

முகம் எண்ணாவது எப்படி?

முதல் வேலை, படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இருவர் 2001இல் இதற்கு அழகான ஒரு வழி சொன்னார்கள். எந்த முகத்தை எடுத்தாலும் கண்கள் இருக்கும் பட்டை, கீழே இருக்கும் கன்னத்தைவிடக் கருமையாக இருக்கும். இரு கண்களுக்கு நடுவே மூக்குத்தண்டு வெளிச்சமாக இருக்கும். இப்படிப்பட்ட கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் படம் முழுக்க வேகமாக ஒட்டிப் பார்த்து, பொருந்தாத இடங்களை உடனுக்குடன் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் முகம் மட்டும் மிஞ்சும். டிஜிட்டல் கேமராவில் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் விழுமே, அதன் பின்னால் இருந்தது பெரும்பாலும் இந்த யோசனைதான்.

அடுத்த வேலைதான் கடினம்: இது யார் முகம்? கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறை, ஒரு முகத்தை 128 எண்களாகச் சுருக்கியது. பூமியில் ஓர் இடத்தைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் போதும் அல்லவா? அதுபோல ஒரு முகத்துக்கு 128 எண்கள் கொண்ட ஒரு முகவரி. இந்த எண்களில் ஒன்று மூக்கின் நீளம், இன்னொன்று தாடையின் அகலம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோடிக்கணக்கான படங்களைக் காட்டி நரம்பியல் வலையைப் பழக்குகிறார்கள். ஒரே ஆளின் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்து வீடாக விழ வேண்டும், வேறு ஆளின் படம் தள்ளி விழ வேண்டும் என்பது மட்டுமே அதற்குக் கொடுக்கும் பாடம். எதை வைத்துப் பிரிப்பது என்பதை வலை தானே முடிவு செய்துகொள்கிறது.

ஆகவே இந்த இயந்திரம் “இவர்தான் அவர்” என்று ஒருபோதும் சொல்வதில்லை. “இந்த இரண்டு முகமும் இவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன” என்று மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும். எவ்வளவு கிட்டத்தில் இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வது என்ற கோட்டை வரைவது மனிதர்கள். 80 சதவீத ஒற்றுமைக்கு மேல் இருந்தால் பொருத்தம் என்று கொள்வதாக டெல்லி காவல்துறை 2022இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் அளித்தது. 80 சதவீத ஒற்றுமை என்றால் அவர் குற்றவாளியாக இருக்க 80 சதவீத வாய்ப்பு என்று பொருள் இல்லை. அண்ணன் தம்பிக்கு நடுவிலும் நல்ல ஒற்றுமை இருக்கும்.

கார்டிஃபில் அடித்த மணி

உங்கள் கைபேசி உங்கள் முகத்தைப் பார்த்துத் திறப்பது ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் வேலை. கூட்டத்தில் ஆளைத் தேடுவது அப்படியல்ல. ஒவ்வொரு முகத்தையும் ஒரு பட்டியல் முழுவதோடும் ஒப்பிட வேண்டும். அங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது.

2017 ஜூன் 3. வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃபில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டி. ரியல் மாட்ரிட்டும் யுவென்டஸும் மோதின. அந்த நாட்களில் தெற்கு வேல்ஸ் காவல்துறை தன் வேன்களில் இருந்து கூட்டத்தின் முகங்களைப் படித்துக்கொண்டிருந்தது. மென்பொருள் 2,470 முறை “ஆள் கிடைத்துவிட்டார்” என்று மணி அடித்தது. அவற்றில் 2,297 தவறு. நூற்றுக்கு 93. பட்டியலுக்காக வெளியில் இருந்து வந்த படங்களின் தரம் மோசம் என்று காவல்துறை காரணம் சொன்னது. மணி அடித்ததும் ஓர் அதிகாரி திரையைப் பார்த்து முடிவெடுப்பதால், யாரும் தவறாகக் கைதாகவில்லை என்றும் சொன்னது.

படத்தின் தரம் ஒரு காரணம்தான். அதைவிட ஆழமான காரணம் எண்களிலேயே இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரயில் நிலையத்தை ஒரு லட்சம் பேர் கடக்கிறார்கள். அவர்களில் தேடப்படுகிறவர்கள் பத்துப் பேர். நம்மிடம் இருப்பது நல்ல இயந்திரம்: பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும், சும்மா போகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவரைத்தான் தவறாகச் சுட்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் லட்சத்துக்கு நூறு. மணி மொத்தம் 109 முறை அடிக்கும். அதில் சரியானது ஒன்பதுதான். தடுத்து நிறுத்தப்படுகிற ஒவ்வொரு பன்னிரண்டு பேரிலும் பதினொருவர் வேலைக்கோ வீட்டுக்கோ போய்க்கொண்டிருந்தவர்கள். வைக்கோல் போரில் ஊசி தேடும்போது, ஊசியைப்போல் தெரிகிற வைக்கோல்தான் அதிகம் கையில் வரும்.

அதற்குப் பிறகு இயந்திரங்கள் வெகுவாகத் தேறிவிட்டன. தெற்கு வேல்ஸும் லண்டனும் பயன்படுத்தும் மென்பொருளை பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் சோதித்து 2023இல் அறிக்கை தந்தது. பத்தாயிரம் பேர் கொண்ட பட்டியலோடு ஒப்பிட்டு, ஒற்றுமை வரம்பை 0.6 என்று வைத்தபோது, கடந்துபோகிறவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர்தான் தவறாகச் சுட்டப்பட்டார். வரம்பைத் தாழ்த்தியபோது தவறுகள் கூடின. அதுவும் கறுப்பினத்தவர் மீதே அதிகம் விழுந்தன. ஒரு திருகை யார், எவ்வளவு திருப்புகிறார் என்பதில் யாரைத் தெருவில் நிறுத்துவார்கள் என்பதும் அடங்கிவிடுகிறது.

இந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது? பழக்கிய படங்களில் எந்த முகம் அதிகம் இருந்ததோ அந்த முகங்களைத்தான் வலை நுணுக்கமாகப் பிரிக்கக் கற்கும். மற்றவர்கள் அதன் கண்ணுக்கு ஒரே சாயலாகத் தெரிவார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2019இல் 189 மென்பொருள்களைச் சோதித்தது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் சோதனையில், ஆசிய, ஆப்பிரிக்க-அமெரிக்க முகங்களில் தவறான பொருத்தம், வெள்ளையர் முகங்களைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகமாக இருந்தது. எத்தனை மடங்கு என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறியது. சீனாவில் உருவான சில மென்பொருள்களில் கிழக்காசிய முகங்களுக்கு இந்த வேறுபாடு காணப்படவில்லை. எந்த ஊர்ப் படத்தில் படித்ததோ அந்த ஊர் முகம் அதற்குப் பழக்கம்.

எண்ணாகச் சொன்னால் வலிக்காது. டெட்ராய்ட் அருகே, 2020 ஜனவரியில், வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு கறுப்பினத்தவரை அவர் வீட்டு வாசலிலேயே, மனைவியும் இரண்டு சிறு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, போலீசார் விலங்கிட்டு அழைத்துப்போனார்கள். ஒன்றேகால் ஆண்டுக்கு முன் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோயிருந்தன. கடைக் கேமராவின் மங்கலான படத்தை மென்பொருள் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு பொருத்திவிட்டது. விசாரணை அறையில் அந்தப் படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார் அவர். வேறு ஆள் என்பது யாருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் சுமார் முப்பது மணி நேரம் காவலில் இருந்தார். மென்பொருளின் முடிவை மட்டும் வைத்து யாரையும் கைது செய்வதில்லை என்று 2024இல் அந்த நகரக் காவல்துறை சமரச உடன்பாட்டில் ஒப்புக்கொண்டது.

பிழையே இல்லாவிட்டால்?

சரி, ஒரு நாள் இந்தப் பிழைகள் எல்லாம் தீர்ந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பிரச்சினை முடிந்துவிடுமா? எனக்கென்னவோ அப்போதுதான் தொடங்கும் என்று தோன்றுகிறது.

டீக்கடைக்காரருக்கு நீங்கள் காலையில் வந்தது தெரியும். மருந்துக் கடைக்காரருக்கு நீங்கள் என்ன மாத்திரை வாங்கினீர்கள் என்று தெரியும். வக்கீல் அலுவலக வாட்ச்மேனுக்கு நீங்கள் படியேறியது தெரியும். மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. உங்கள் நாள், துண்டு துண்டாகப் பலரிடம் சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒன்றாகக் கோக்க ஒரு நூல் வேண்டும். எல்லாக் கேமராவிலும் மாறாமல் இருக்கும் உங்கள் முகம்தான் அந்த நூல். வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதைப் போல ஆளுக்கு முகம். ஆனால் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு நடந்து போகலாம், முகத்தை நிறுத்திவிட்டுப் போக முடியாது.

கோப்பதற்கு அதிக முத்துகளும் தேவையில்லை. 2013இல் டி மோன்ட்ஜாய் என்பவரும் சக ஆய்வாளர்களும் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தரவுகளை, பெயர்களை நீக்கிவிட்டு ஆராய்ந்தார்கள். ஒரு ஆள் எந்த மணிக்கு எந்தப் பகுதியில் இருந்தார் என்று நான்கே நான்கு தகவல்கள் கிடைத்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்தில் இருந்து தனியாகப் பிரித்துவிட முடிந்தது. நாம் நடக்கும் பாதை நம் கைரேகையைப் போல. வீடு, அலுவலகம், கோயில், டயாலிசிஸ் மையம் என்று வரிசை போட்டால் பெயரே தேவைப்படாது.

கதவில்லாத அந்தரங்கம்

இனிச் சட்டத்துக்கு வரலாம். லாஸ் ஏஞ்சலஸில் 1965இல் சார்லஸ் காட்ஸ் என்ற சூதாட்டத் தரகர், சாலையோரக் கண்ணாடித் தொலைபேசிக் கூண்டில் இருந்து பந்தயம் பேசுவார். எஃப்.பி.ஐ. அந்தக் கூண்டின் வெளியே ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தது. கண்ணாடிக் கூண்டு, நடுத்தெரு, எல்லோரும் அவரைப் பார்க்கலாம். ஆனாலும் அவருக்கு அந்தரங்கம் உண்டு என்று 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் காப்பது இடங்களை அல்ல, ஆட்களை என்பது அதன் சாரம். கூண்டின் கதவைச் சாத்தியவர் கண்களைத் தடுக்க நினைக்கவில்லை, காதுகளைத் தடுக்க நினைத்தார்.

இந்தியாவில் இதே கேள்வி அதற்கு முன்பே எழுந்திருந்தது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கு ஒன்றில் சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் காவல்துறை அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்தது. நள்ளிரவில் கதவைத் தட்டும். வெளியூர் போனால் பின்தொடரும். 1962இல் உச்ச நீதிமன்றம் இரவுக் கதவுத் தட்டலை மட்டும் செல்லாது என்றது. வீட்டுக்கு வெளியே கண்காணிப்பதில் தவறு காணவில்லை. நீதிபதி சுப்பா ராவ் அதை ஏற்கவில்லை. பின்னால் நிழல்போல ஆள் வரும்போது ஒருவர் சுதந்திரமாக நடக்கிறார் என்று எப்படிச் சொல்வது என்பது அவருடைய வாதத்தின் சாரம். கால்கள் நடக்கும், மனம் நடக்காது.

அந்தச் சிறுபான்மைக் குரல் ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. ஒருவர் பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே அதை இழந்துவிடுவதில்லை என்றும் அதில் சொல்லப்பட்டது. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு சட்டம் வேண்டும், முறையான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது.

கார்டிஃப் கதையின் மிச்சமும் இதோடு சேர்கிறது. 2017 டிசம்பரில், கிறிஸ்துமஸ் வாரத்தில் கடைத்தெருவில் நடந்துபோன எட் பிரிட்ஜஸ் என்பவரின் முகத்தைக் காவல்துறை வேன் படித்தது. அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பொருந்தாத முகங்களின் தரவு உடனே அழிக்கப்பட்டுவிடும் என்று காவல்துறை சொன்னது. அவருடைய குறை வேறு: வேனில் எழுதியிருந்ததைப் படிக்கிற தூரத்துக்கு அவர் வருவதற்குள் வேன் அவரைப் படித்து முடித்துவிட்டது. வழக்குத் தொடுத்தார், கீழ்நிலையில் தோற்றார். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. யாரைப் பட்டியலில் சேர்ப்பது, வேனை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் தனித்தனி அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. மென்பொருளில் இன, பாலினச் சாய்வு உண்டா என்று காவல்துறை போதுமான அளவு பார்க்கவில்லை. தொழில்நுட்பத்தையே தடை செய்யச் சொல்லவில்லை நீதிமன்றம். விதி எங்கே என்று கேட்டது.

நம் கம்பத்துக்கு என்ன விதி?

சென்னையில் 2017 முதல் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் காவல்துறை தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னது. கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் கைக்காசு போட்டார்கள். திருட்டு வழக்குகளில் அவை உதவியதை மறுப்பதற்கில்லை. டெல்லியில் 2018இல் நடந்த ஒரு சோதனையில், காப்பகங்களில் இருந்த 45,000 குழந்தைகளின் முகங்களைக் காணாமல் போனவர்களின் படங்களோடு ஒப்பிட்டு, நான்கே நாளில் 2,930 பேரை அடையாளம் கண்டதாகச் சொல்லப்பட்டது. குழந்தையைத் தொலைத்த ஒரு தாயிடம் போய் ‘அந்தரங்கம்’ என்று பாடம் நடத்த யாருக்கும் மனம் வராது. ஆனால் காணாமல் போன குழந்தையைத் தேடும் கருவிக்கும், ஆர்ப்பாட்டத்தில் நின்றவர்களைப் பெயர் பெயராகக் குறித்துக்கொள்ளும் கருவிக்கும் மென்பொருளில் ஒரு வரி வித்தியாசமும் கிடையாது. பட்டியல்தான் வேறு.

அந்தப் பட்டியலை யார் எழுதுவது என்று சொல்லத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடமே கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு காவல்துறை 2021இல் முகம் அறியும் மென்பொருளைக் கையில் எடுத்தது. 2024 மே மாதம் அந்த மென்பொருளின் இணையவாயிலுக்குள் வெளியார் நுழைந்துவிட்டார்கள். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். திருடுபோன முகத்துக்கு மாற்று முகம் எங்கே வாங்குவது?

முன்பு தெரு நம்மை மறந்தது. டிஸ்க் சிறியதாக இருந்ததால், காவலருக்குக் கண் சோர்ந்ததால், டீக்கடைக்காரருக்கு ஆயிரம் வேலை இருந்ததால் மறந்தது. செலவில்லாமல் கிடைத்த அந்த மறதி இனித் தானாகக் கிடைக்காது. இத்தனை நாள், இந்தப் பட்டியல், இந்தக் காரணம் என்று யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு. நாடாளுமன்றம் எழுத வேண்டியது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் டிவிஆர் பெட்டியிலும் எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் பொருத்த வந்த பையன் ஏதோ ஓர் எண்ணை அடித்துவிட்டுப் போயிருப்பான். அடுத்த கூட்டத்தில் தண்ணீர் மோட்டார் பேச்சு முடிந்ததும், அந்த எண் என்ன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.